10.0.2.15: வெளிய போகலாம், உள்ள வர ஏலாது

10.0.2.15. இந்த இலக்கத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். விர்ச்சுவல்பொக்ஸில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கி, எந்த செட்டிங்ஸையும் தொடாமல் ஓடவிட்டால், அநேகமாக அதற்குக் கிடைக்கிற ஐபி முகவரி இதுதான். லுணுகலையில் நாங்கள் உருவாக்கினதுக்கும் இதுதான் கிடைத்தது. கொழும்பில் ஒருத்தர் உருவாக்கினாலும் இதுதான், கனடாவில் உருவாக்கினாலும் இதுதான். எல்லாருக்கும் ஒரே முகவரி என்றால் அது என்ன முகவரி? இந்தக் கேள்வியோடுதான் போன லீவில் இரண்டு கிழமை போனது. கணினி படிக்கிறவர்களுக்கு இது முதலாம் வருடத்துப் பாடம். நாங்கள் கலைப்பீடம். அதனால் எங்களுக்கு இது வேறு மாதிரி விளங்கியது, அதைத்தான் எழுதப் போகிறோம்.

நாங்கள் நாலு பேர். ஒருத்தர் தமிழ், ஒருத்தர் புவியியல், ஒருத்தர் சமூகவியல். நாலாவது ஆள் கெம்பஸ் போகவில்லை, பதுளை டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. நாலு பேரும் லுணுகலையைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் பிறந்தவர்கள். செய்யப் பார்த்த வேலை பெரிசு இல்லை. தோட்டத்து வாசிகசாலையில் ஒரு பழைய லெப்டொப், ஒரு ரவுட்டர். பாடப்புத்தகங்கள், கடந்தகால வினாத்தாள்கள், தமிழ் விக்கிப்பீடியா எல்லாம் அந்த லெப்டொப்புக்குள் இருக்கும். பிள்ளைகள் போனில் வைஃபையைப் போட்டு, டேட்டா இல்லாமலே திறந்து படிக்கலாம். அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஒன்று தேவை என்று வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். பாடம் எல்லாம் போனுக்கு வந்தது. 2021ல் ஏபி செய்தி நிறுவனம் இந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு செய்தி போட்டது. லுணுகலையில் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை உச்சிக்குப் போகிறார்கள், அங்கே காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டின குடில் ஒன்று, சுமார் 10 மீட்டர் உயரம், அதில் ஏறினால்தான் சிக்னல், பிள்ளைகள் முறை வைத்து பாடங்களை இறக்கிக்கொள்கிறார்கள் என்று. உலகம் முழுக்க அந்தச் செய்தி போனது. போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்ததும் அதே செய்தியில்தான். இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்ன கணக்கு, கூடிப்போனால் 40 சதவீதப் பிள்ளைகள்தான் ஒன்லைன் வகுப்பில் சேர முடிந்தது என்பது. அந்தக் காலம் நாங்கள் உயர்தரம். எங்களுக்கும் ஒரு பாறை இருந்தது. அது படத்தில் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது சிக்னல் முன்னையை விடப் பரவாயில்லை. ஆனால் சிக்னல் இருக்கிறதும் டேட்டா இருக்கிறதும் ஒன்றில்லை. 2022 செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் கூடின. கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவின் நாட்சம்பளத்தில் இருந்து ரீலோட் போடுகிற வீட்டில், ஒரே வினாத்தாளை மூன்று பிள்ளைகள் மூன்று தடவை டவுன்லோட் பண்ணுவது அநியாயம். ஒருமுறை இறக்கி வைத்தால் எல்லாரும் பார்க்கலாமே. இதற்கு இணையமே தேவையில்லை, ஒரு ரவுட்டர் போதும். ரவுட்டர் என்றால் இன்டர்நெட் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஒரு முச்சந்தி மாதிரி. ரோடு கொழும்பு வரைக்கும் போகாவிட்டாலும் மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் நடுவில் ஆட்கள் போய் வரலாம்.

அப்போ மெய்நிகர் இயந்திரம் எதற்கு? லெப்டொப் எங்களுடையது இல்லை. வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிற அக்காவுடையது. விண்டோஸ் ஓடுது, அதில் அக்காவின் முழு வாழ்க்கையும் இருக்கு. அதை அழித்து லினக்ஸ் போட யாருக்கும் உரிமை இல்லை. மெய்நிகர் இயந்திரம் என்றால் அந்த விண்டோஸுக்குள்ளேயே, ஒரு புரோகிராம் மாதிரி, இன்னொரு முழுக் கணினி ஓடும். அதற்கென்று தனி நினைவகம், தனி டிஸ்க், தனி நெட்வேர்க் கார்ட், எல்லாமே பாவனைக்கு. 1960களில் ஐபிஎம் தன் பெரிய கணினிகளில் செய்து பார்த்த யோசனை, இப்போது பழைய லெப்டொப்பிலும் ஓடுகிறது. இன்னொரு வசதி, அந்தக் கணினி கடைசியில் ஒரு ஃபோல்டர்தான். பென் டிரைவில் போட்டு அடுத்த டிவிசனுக்குக் கொண்டுபோகலாம். எங்களுக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

லினக்ஸ் ஏறியது. விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் காட்டுகிற கிவிக்ஸ் ஏறியது. மெஷினுக்குள் இருந்து வெளியே போய்ப் பார்த்தோம், போகிறது. அப்டேட் இறங்குகிறது, இணையத்தளம் திறக்கிறது. தம்பி ஒருத்தன் போனை நீட்டினான். 10.0.2.15 என்று அடித்தான். சுற்றுது, சுற்றுது, ஒன்றும் வரல்ல.

"அண்ணே, ஒங்க மெஷினு செத்துருச்சி போல."

சாகவில்லை. இந்த இடத்தில்தான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. மெஷினால் உலகத்தைப் பார்க்க முடிகிறது. ஒரே அறையில், நாலடி தூரத்தில் இருக்கிற போனால் மெஷினைப் பார்க்க முடியவில்லை.

காரணம் நெட் என்று சுருக்கிச் சொல்கிற நெட்வேர்க் முகவரி மாற்றம். விர்ச்சுவல்பொக்ஸ் வழமையாக வைத்திருக்கிற முறை அது. உள்ளே இருக்கிற மெஷின் ஒரு செய்தியை அனுப்பினால், விர்ச்சுவல்பொக்ஸ் அதை வாங்கி, லெப்டொப்பின் பெயரிலேயே வெளியே விடும். வெளி உலகத்துக்கு மெஷின் ஒன்று இருப்பதே தெரியாது. பதில் லெப்டொப்புக்கு வரும். "இது நம்ம உள்ள இருக்கிற ஆள் கேட்டதுக்கு வந்த பதில்" என்று ஒரு பட்டியலில் பார்த்து உள்ளே கொடுக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமென்றால், முதலில் நீங்கள் அனுப்பியிருக்க வேண்டும். நீங்கள் ஒன்றும் அனுப்பாமல் யாராவது உங்களைத் தேடி வந்தால் அந்தச் செய்தி வாசலிலேயே நின்றுவிடும்.

இதை வாசித்துக் காட்டினபோது சமூகவியல் படிக்கிறவர் சிரித்துவிட்டார். "இது நம்ம தோட்டத்து ஆபீஸ்தானே."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளங்கும். எங்கள் முகவரி பெயர், டிவிசன், தோட்டம், லுணுகலை. வீட்டு இலக்கம் இல்லை, ரோட்டுப் பெயர் இல்லை. ஒரு டிவிசனில் இருக்கிற நூறு குடும்பமும் ஒரே முகவரி. கடிதம் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கை மாறிக் கை மாறி லயத்துக்கு வரும், அல்லது வராது. எங்களில் ஒருத்தருடைய அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒன்று, பரீட்சை முடிந்து நாலு நாளைக்குப் பிறகு கைக்கு வந்தது. கடிதம் தொலையவில்லை. டவுன் வரைக்கும் நேரத்துக்கு வந்திருக்கு, முத்திரையில் திகதி இருக்கு. கடைசி இரண்டு மைல்தான் நாள் பிடித்தது. எந்தத் தோட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. எந்தத் தோட்டத்துக்காரரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். நாங்கள் எழுதிப் போடுகிற கடிதம் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேரும். வெளிய போகலாம், உள்ள வர ஏலாது.

ஒப்பிட்டு விட்டோமே தவிர, கணினியில் இந்த முறை வந்ததுக்குக் காரணம் வேறு. பழைய ஐபி முகவரி 32 பிட் கொண்டது. மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். இணையம் வளர்கிற வேகத்தில் அது காணாது என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994ல் இந்த முகவரி மாற்ற முறையை எழுதி வைத்தார்கள். 10 என்று தொடங்குகிறது, 192.168 என்று தொடங்குகிறது போன்ற சில தொகுதிகளை, யாரும் தங்கள் வீட்டுக்குள் பாவிக்கலாம், வெளியே செல்லாது என்று ஒதுக்கினார்கள். 1996ல் வெளியான ஆவணத்தின்படிதான் இன்றைக்கும் நடக்கிறது. பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு. லயத்துக்கு இலக்கம் கொடுக்காமல் விட்டதுக்கு எந்தப் பற்றாக்குறையும் காரணம் இல்லை, இலக்கத்துக்கு என்ன பஞ்சம்? இன்னொரு வித்தியாசமும் இருக்கு. விர்ச்சுவல்பொக்ஸ் வைத்திருக்கிற பட்டியல் ஆள் பார்த்துக் கொடுக்காது.

சரி, வேலைக்கு வருவோம். இதற்குத் தீர்வு இருக்கு, பெயர் போர்ட் ஃபோர்வேடிங். "லெப்டொப்பின் 8080ஆம் கதவுக்கு யார் வந்தாலும், கேள்வி கேட்காமல் உள்ளே இருக்கிற மெஷினின் 8080ஆம் கதவுக்கு அனுப்பு" என்று ஒரு வரி எழுதி வைப்பது. எழுதினோம். லெப்டொப்பின் பிரவுசரிலேயே திறந்து பார்த்தால் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. போனில் இருந்து லெப்டொப்பின் முகவரியை அடித்தால் மறுபடியும் சுற்றுது.

இப்போது கொஞ்சம் நிறுத்தி, பிழைச்செய்திகளை வாசிப்பது பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் கலைப்பீடக்காரர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கு என்று எங்களுக்கு ஒரு எண்ணம். நெட்வேர்க் வேலை செய்யாவிட்டால் எல்லாரும் சொல்வது ஒரே வசனம், "நெட் இல்ல." ஆனால் கணினி அப்படிச் சொல்வதில்லை. அது மூன்று விதமாகச் சொல்லும், மூன்றுக்கும் அர்த்தம் வேறு.

"ரிக்குவஸ்ட் டைம்ட் அவுட்" என்றால் நான் கூப்பிட்டேன், எந்தச் சத்தமும் இல்லை. ஆள் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஆள் இருந்தும் வாய் திறக்காமல் இருக்கலாம். "ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால் போகிறதுக்கு வழியே தெரியவில்லை. அதில் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பதில் சொன்ன முகவரி உங்களுடையதே என்றால், உங்கள் கணினி பக்கத்தில் எல்லாம் தேடிவிட்டு "அப்படி ஒருத்தரும் இங்க இல்ல" என்று தானே சொல்கிறது. "கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்" என்றால் அது நல்ல செய்தி. கேட்டால் கவலையாக இருக்கும், மறுக்கப்பட்டது என்றுதானே சொல்லுது. ஆனால் மறுப்பதுக்கு அங்கே யாரோ இருக்க வேண்டும் இல்லையா? வீடு சரி, வழி சரி, நீங்கள் தட்டின கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மௌனம், வழியின்மை, மறுப்பு. ஒரு கவிதையை வாசிக்கும்போது இந்த மூன்றையும் யாராவது ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எங்கள் விரிவுரையாளர்கள் விடமாட்டார்கள். பிழைச்செய்தியை மட்டும் ஏன் வாசிக்காமலே மூடிவிடுகிறோம்?

எங்கள் போனில் வந்தது முதலாவது, மௌனம். லெப்டொப்புக்குள் இருந்து திறக்கிறது, வெளியில் இருந்து சத்தமே இல்லை. அப்படியென்றால் தடை மெஷினில் இல்லை, லெப்டொப்பின் வாசலில். விண்டோஸ் ஃபயர்வோல். தெரியாத வைஃபை ஒன்றில் இணைந்தால் விண்டோஸ் அதைப் பொது இடம் என்று எடுத்துக்கொண்டு, வெளியில் இருந்து வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும். பிங் பண்ணினாலும் வாய் திறக்காது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பஸ் ஸ்டாண்டில் யாராவது பெயர் கேட்டால் உடனே சொல்லாதே என்று வீட்டில் சொல்லிக்கொடுத்த மாதிரி. அந்த 8080ஆம் கதவை மட்டும் திறந்துவிடச் சொன்னோம். போனில் பக்கம் திறந்தது. தம்பி முதலில் தேடினது "டைனோசர்".

பிங் பற்றி ஒரு சின்னத் தகவல், எழுதாமல் விட மனமில்லை. அதை எழுதினவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், 1983 டிசம்பரில். நீர்மூழ்கிக் கப்பலில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்தச் சத்தத்தைத்தான் பெயராக வைத்தார். கத்திப் பார்க்கிறது, பதில் வருதா என்று காது கொடுக்கிறது. மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் ஒரு மலையில் இருந்து மறு மலைக்குக் கூப்பிடுவதும் அதே தொழில்நுட்பம்தான்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அக்கா ஒன்று கேட்டார்.

"அப்போ இனி யாரு வேணும்னாலும் என் லெப்டொப்புக்குள்ள வரலாமா?"

நியாயமான கேள்வி. திறந்தது ஒரு கதவுதான், அந்தக் கதவு நேரே மெஷினுக்குத்தான் போகுது என்று விளக்கினோம். அக்கா தலையாட்டினார், முகம் சரியில்லை. அவருடைய வங்கிக் கணக்கு, சர்டிபிகேட், ஃபோட்டோ எல்லாம் அதில்தான். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணின் ஒரே லெப்டொப்பில் அவருக்கு விருப்பமில்லாத கதவைத் திறந்து வைக்கிறது எங்களுக்கும் சரியாகப் படவில்லை. தொழில்நுட்ப ரீதியில் ஆபத்து குறைவு என்பது ஒரு பதில், ஆனால் அவர் கேட்டதுக்கு அது பதில் இல்லை. ஃபயர்வோலை மூடிவிட்டு வேறு வழி பார்த்தோம்.

வேறு வழி பிரிட்ஜ் முறை. இதில் மெஷின் லெப்டொப்பின் பெயரில் ஒளிந்துகொள்ளாது. லெப்டொப்பின் நெட்வேர்க் கார்டைப் பாதையாக மட்டும் பாவித்து, நேரே ரவுட்டரிடம் போய் "எனக்கொரு முகவரி கொடு" என்று கேட்கும். ரவுட்டர் அதை இன்னொரு கணினியாகவே பார்த்து 192.168 என்று தொடங்குகிற தனி முகவரி கொடுக்கும். போன்கள் மெஷினிடம் நேரே போகும். அக்காவின் விண்டோஸில் எந்தக் கதவும் திறக்கத் தேவையில்லை.

வைஃபையில் அதைப் போட்டால் மெஷினுக்கு முகவரியே வரவில்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. உள்ளே விண்டோஸ் ஓடியிருந்தால் 169.254 என்று தொடங்குகிற ஒரு முகவரி தெரிந்திருக்கும். "கேட்டேன், யாரும் தரவில்லை, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்" என்று அதற்கு அர்த்தம். உங்கள் கணினியில் எப்போதாவது அந்த இலக்கத்தைக் கண்டால் பிரவுசரை மூடித் திறந்து பிரயோசனமில்லை. முகவரி கொடுக்கிற ஆளிடம் உங்கள் குரல் போய்ச் சேரவில்லை.

ஏன் போகவில்லை? ஒவ்வொரு நெட்வேர்க் கார்டுக்கும் மெக் முகவரி என்று ஒன்று இருக்கும், ஆளுக்கு அடையாள அட்டை மாதிரி. வைஃபையில் ஒரு கார்ட் ரவுட்டரோடு சேரும்போது அந்த ஒரு அட்டையைக் காட்டித்தான் சேரும். பிறகு அதே கார்டின் வழியாக வேறு அட்டையோடு இன்னொருத்தர் பேசினால் அது எடுபடாது. விர்ச்சுவல்பொக்ஸ் இதற்காக அட்டையை மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கப் பார்க்கும். சில கார்டில் அது ஓடும், சிலதில் ஓடாது. அக்காவின் லெப்டொப்பில் ஓடவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ள ஒரு முழுப் பின்னேரம் போனது. ஆனால் போன் கடை நண்பர் அதற்கு முதலே பையில் இருந்து ஒரு லேன் வயரை எடுத்து வைத்துவிட்டார். "வயர்ல அந்தப் பிரச்சினை இல்ல." பழைய லெப்டொப் என்றபடியால் அதில் லேன் போர்ட் இருந்தது. வயரை ரவுட்டரில் மாட்டி, பிரிட்ஜை வயர்ப் பக்கம் மாற்றினதும் முகவரி வந்தது, 192.168.1.104. மெஷினுக்கென்று ஒரு முகவரி. ஒவ்வொரு தடவையும் மாறாமல் இருக்க, ரவுட்டருக்குள் போய் இந்த அட்டைக்கு எப்போதும் 192.168.1.50தான் என்று எழுதி வைத்தோம். சோக்கால் வாசிகசாலைச் சுவரில் எழுதினது சமூகவியல்காரர். லயத்துக்கு இல்லாத நிரந்தர முகவரி ஒரு பொய்க் கணினிக்குக் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினார்.

இதற்குப் பிறகு வந்த பிரச்சினைகள் சின்னதுகள். அதில் இரண்டை மட்டும் சொல்கிறோம், இதே மாதிரி செய்யப் போகிறவர்களுக்கு உதவும்.

ஒன்று போன்களின் குணம். ஆண்ட்ரொய்ட் போன் ஒரு வைஃபையில் சேர்ந்ததும் முதலில் அங்கே இன்டர்நெட் இருக்கா என்று பார்க்கும். இல்லை என்றால் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும். பிள்ளை 192.168.1.50 என்று அடிக்கும், போன் அதை டேட்டா வழியாகக் கொழும்பில் தேடும். எப்படிக் கிடைக்கும்? சில போன்களில் வைஃபை அடையாளம் வேறு மேலே தெரிந்துகொண்டே இருக்கும். டேட்டாவை நிறுத்தினால் உடனே சரி. "டேட்டாவை ஓஃப் பண்ணினாத்தான் வேலை செய்யும்" என்றபோது ஒரு தங்கச்சி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். டேட்டா முடிஞ்சா எதுவுமே வேலை செய்யாது என்றுதானே அவளுக்கு இத்தனை வருடமும் தெரியும்.

மற்றது கரண்ட். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் கரண்ட் போய் வருவது புதிதில்லை. ஒருநாள் போய் வந்த பிறகு போனில் "கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்". நாங்கள் அப்போது கெம்பஸுக்குத் திரும்பிவிட்டோம், செங்கலடி வரைக்கும் பஸ்ஸில் பாதி நாள். அக்கா வட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார், கீழே ஒரு வரி. "மறுக்குது. அப்போ வீட்டுல ஆள் இருக்கு, கதவுலதான் இல்ல. சரியா?" சரி. மெஷின் எழும்பிவிட்டது, கிவிக்ஸ் எழும்பவில்லை. எந்த வரியை அடிக்க வேண்டும் என்று அனுப்பினோம், இரண்டு நிமிசத்தில் ஓடியது. மெஷின் எழும்பும்போது கிவிக்ஸும் தானாக எழும்பும்படி செய்கிறதையும் அடுத்த கிழமை அக்காவே செய்தார்.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் கெம்பஸில் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "ஆர்ட்ஸ்காரங்களுக்கு ஏன்டா இது?" அதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. மற்றது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. "சிக்னல் டவர் கேட்டுப் போராட வேண்டிய இடத்தில், இன்டர்நெட் இல்லாமலே சமாளிக்கிறதுக்குப் பழக்குறீங்களே, இது சரியா?" நாங்கள் இதைப் பற்றி எங்களுக்குள் சண்டை பிடித்திருக்கிறோம். டவர் வேண்டும். நியாயமான விலையில் டேட்டா வேண்டும். லயத்துக் கதவுக்கு இலக்கம் வேண்டும், கடிதம் அந்தக் கதவுக்கே வர வேண்டும். வாசிகசாலை ரவுட்டர் இதற்கெல்லாம் மாற்று என்று யாராவது சொன்னால், முக்கியமாக அதிகாரிகள் யாராவது சொன்னால், அந்த வயரை நாங்களே பிடுங்குவோம். ஆனால் அடுத்ததாகச் சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளையிடம் டவர் வரும் வரைக்கும் பொறு என்று சொல்ல எங்களால் ஏலாது. எங்களில் ஒருத்தருக்கு இந்தப் பதிலில் இன்னும் திருப்தி இல்லை. அதையும் எழுதச் சொன்னார்.

போன மாதம் பக்கத்து டிவிசனுக்கும் ஒன்று கேட்டார்கள். மெஷினைக் கொப்பி பண்ணி, பென் டிரைவில் கொண்டுபோய், ஒரு மாஸ்டர் கொடுத்த லெப்டொப்பில் போட்டோம். அங்கே ஏற்றுவதற்கு முதல், இரண்டு லெப்டொப்பையும் வாசிகசாலை ரவுட்டரிலேயே மாட்டிப் பார்த்தோம். இரண்டு மெஷினும் மாறி மாறி விழுந்தன. ஒன்று திறந்தால் மற்றது போகுது. கொப்பி பண்ணும்போது மெக் முகவரியும் சேர்ந்தே கொப்பியாகி வந்திருக்கு. ஒரே அடையாள அட்டையோடு இரண்டு பேர் நின்றால் ரவுட்டர் யாருக்கென்று கொடுக்கும்? விர்ச்சுவல்பொக்ஸில் அந்த அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கு, அழுத்தினால் புது மெக் முகவரி உண்டாகும். அழுத்தினோம். புதியதுக்கு 192.168.1.51 கொடுத்தோம்.

புதிய இடத்தில் ஓடத் தொடங்கி மூன்றாம் நாள் அங்கேயிருந்து முதல் முறைப்பாடு வந்தது. நெட்வேர்க் பற்றியது இல்லை. பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தில் நடுவில் சில பக்கங்கள் மங்கலாக இருக்காம், படம் தெரியல்லையாம். நல்ல கொப்பி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.